சாம்பல் நீலத்தில் ஒரு பசுமை நகப்பூச்சு: வாங்குவதும் சோதிப்பதும்

‘பசுமை’, ‘இயற்கை’, ‘நச்சில்லாதது’ என்றெல்லாம் எழுதிய நெயில் பாலிஷ் புட்டி கைக்கு வந்தால், முதலில் அதன் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். நிறம் புட்டியிலேயே தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள வேண்டிய மற்றதெல்லாம் பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டோம், புட்டியிலும் மூலப்பொருள் பட்டியல் இல்லை என்றால், அதை அங்கேயே வைத்துவிட்டு வேறு பார்ப்பது நல்லது.

இந்த அத்தியாயத்தில் சோதனைக்கு நான் எடுத்துக்கொள்வது சாம்பல் கலந்த மங்கல் நீலம். மெரூனும் அடர் சிவப்பும் தங்கள் குறைகளை ஓரளவு மறைத்துக்கொள்ளும். மங்கல் நீலத்தில் அது நடக்காது. தூரிகை இழுத்த கோடு, கையில் தட்டுப்படும் கட்டி, இரண்டாம் பூச்சிலும் மூடாத இடம், கழற்றியபின் நகத்தில் தங்கும் கறை எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். ஒரு தயாரிப்பு உண்மையிலேயே நல்லதா என்று எடைபோட நினைப்பவர்கள் அதன் மங்கல் நீலத்தை முதலில் வாங்கிப் பார்க்கலாம்.

பெட்டியின் பின்பக்கம்

எந்த நெயில் பாலிஷிலும் அடிப்படைச் சரக்கு மூன்று. நகத்தின்மேல் படலமாக நிற்கும் பொருள், அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான், படலம் விறைத்து உடையாமல் வளைந்துகொடுக்கச் செய்யும் இளக்கி. நிறமி இவற்றோடு சேர்வது. படலமாக நிற்பது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியிலோ மரக்கூழிலோ இருந்து எடுத்த செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்து இதைச் செய்கிறார்கள். 1920களில் கார்களுக்கு அடித்த பளபளப்பான லேக்கரும் இதே சரக்குதான். ஆக, ‘தாவரத்திலிருந்து வந்தது’ என்ற பெருமையில் ஒரு பங்கு சாதாரண பாலிஷுக்கும் உண்டு.

மீதிப் பங்கு கரைப்பானில் இருக்கிறது. மூக்கில் ஏறும் அந்த இனிப்பு நெடி எத்தில் அசிட்டேட்டும் பியூட்டைல் அசிட்டேட்டும் தருவது. இவற்றைப் பெட்ரோலியத்திலிருந்தும் எடுக்கலாம். கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றைப் புளிக்கவைத்து வரும் ஆல்கஹாலிலிருந்தும் செய்யலாம். பாரிஸ் நகரத்து மனுக்யூரிஸ்ட் நிறுவனம் தன் ‘கிரீன்’ வரிசையில் 84 சதவீதம் வரை இயற்கை மூலப்பொருள் என்று சொல்லிக்கொள்வது இந்த மாதிரி மாற்றங்களால்தான்.

இங்கே இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கரும்பிலிருந்து வந்த எத்தில் அசிட்டேட்டும் கச்சா எண்ணெயிலிருந்து வந்ததும் ஒரே மூலக்கூறு. நெடி ஒன்று, ஆவியாகும் வேகம் ஒன்று, தீப்பற்றும் குணமும் ஒன்று. பூமிக்கடியில் இருந்த கார்பனைப் புதிதாகத் தோண்டவில்லை என்பது நிஜமான ஆதாயம். அதற்காகவே கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து. ஆனால் அந்த ஆதாயம் உங்கள் மூச்சுக்குக் கிடைப்பதில்லை. 84 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் பூச வேண்டும், அடுப்பும் விளக்கும் ஊதுவத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. எத்தில் அசிட்டேட்டின் தீப்பற்று வெப்பநிலை மைனஸ் 4 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெக்கையில் திறந்த புட்டியிலிருந்து எப்போதும் ஆவி எழுந்துகொண்டேதான் இருக்கும்.

இன்னொரு வகை, நீரை அடிப்படையாகக் கொண்டது. அக்ரிலிக் பாலிமர் துகள்கள் நீரில் கலந்திருக்கும். நீர் ஆவியாக ஆவியாக அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகும். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயின்ட் காய்வதும் இப்படித்தான். நெடி மிகக் குறைவு. ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், குழந்தைகள் சுற்றித் திரியும் அறையில் பூசுவதென்றால் நான் இதைத்தான் சொல்வேன். உழைப்பு குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்கும் கைக்கு இது தாங்காது.

அடுத்தது எண்கள். ‘3 இல்லாதது’, ‘7 இல்லாதது’, ‘10 இல்லாதது’ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். முதல் மூன்று எவை என்பதில் குழப்பமில்லை: டொலுயீன், பார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட். கடைசியாகச் சொன்னது ஓர் இளக்கி. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் அதை அழகுசாதனங்களில் தடைசெய்தது. அதற்கு மேல் ஏறும் எண்களுக்குப் பொதுவான வரையறை கிடையாது. ஒரு நிறுவனத்தின் 7 இன்னொரு நிறுவனத்தின் 7 ஆக இருக்க வேண்டியதில்லை. 2018இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இந்த எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்றே சொன்னது.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எடுத்ததன் இடத்தில் எதைப் போட்டார்கள் என்பது. டைபியூட்டைல் தாலேட்டை நீக்கிய பலர் அதற்குப் பதிலாக டிரைபீனைல் பாஸ்பேட்டுக்குப் போனார்கள். ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் என்ற சந்தேகம் உள்ள பொருள் அது. 2015இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 26 பெண்களை வைத்துச் சோதித்தபோது, பாலிஷ் பூசி 10 முதல் 14 மணி நேரத்துக்குள் சிறுநீரில் அதன் சிதைபொருள் ஏறத்தாழ 7 மடங்கு கூடியிருந்தது. கையுறை மாட்டிக்கொண்டு செயற்கை நகத்தில் பூசியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அப்படியானால் பெரும்பங்கு மூச்சு வழியாக அல்ல, நகத்தையும் அதைச் சுற்றிய தோலையும் தொட்ட வழியாகவே உள்ளே போயிருக்க வேண்டும். தோலில் படாமல் பூசுங்கள் என்று பின்னால் நான் வற்புறுத்தப் போவது அழகுக்காக மட்டுமல்ல.

அதனால் பட்டியலில் மூன்று பெயர்களைத் தேடுங்கள். டிரைபீனைல் பாஸ்பேட் இருக்கக் கூடாது. டோசிலமைடு பார்மால்டிஹைடு ரெசின் இருந்தால், ஒவ்வாமை உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதன் ஒவ்வாமை விரலில் தெரியாமல், விரல் போய்த் தொடுகிற கண்ணிமையிலும் கழுத்திலும் அரிப்பாகத் தெரியும். அதனாலேயே காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூன்றாவது இருந்தால் நல்லது: அசிட்டைல் டிரைபியூட்டைல் சிட்ரேட், சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் இளக்கி.

‘விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ என்ற முயல் முத்திரைக்காக மட்டும் இந்தியாவில் யாரும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். அழகுசாதனங்களை விலங்குகளில் சோதிப்பதை நம் அரசு 2014இலேயே தடைசெய்துவிட்டது. அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதற்கும் அதே ஆண்டு தடை வந்தது. ‘வீகன்’ என்பது வேறு விஷயம். கார்மைன் என்ற சிவப்பு, பூச்சியிலிருந்து வருவது. நீலத்தில் லேசாக ஊதா சாயல் வேண்டுமென்றால் அதைச் சேர்க்க வாய்ப்புண்டு. முத்துப்போல மினுக்கும் குவானைன் மீன் செதிலிலிருந்து எடுப்பது. மினுமினுப்புக்கு அதிகம் சேர்ப்பது மைக்கா. ஜார்க்கண்ட், பீகார் மைக்கா சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது பலமுறை வெளிச்சத்துக்கு வந்த கொடுமை. மினுக்கே இல்லாத கிரீம் வகை மங்கல் நீலத்தை எடுத்தால், குவானைனையும் மைக்காவையும் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது.

இந்த நீலம் எப்படி வருகிறது

மங்கல் நீலத்துக்கென்று தனி நிறமி இல்லை. பட்டியலின் கடைசியில் ‘சிஐ’ என்று தொடங்கும் எண்கள் இருக்கும். 77510 என்றால் பிரஷ்யன் நீலம், இரும்பிலிருந்து செய்வது. 77007 என்றால் அல்ட்ராமரீன். வெள்ளை வேட்டிக்குப் போடுகிற பழைய நீலப்பொடி இதுவேதான். 77891 டைட்டானியம் வெள்ளை, 77499 கறுப்பு இரும்பு ஆக்சைடு. வெள்ளையும் கறுப்பும் சேரச் சேர நீலம் அடங்கும். எவ்வளவு வெள்ளை, எவ்வளவு கறுப்பு என்பதில்தான் நிறம் உங்கள் கைக்கு ஒத்துவருமா என்பது இருக்கிறது.

மாநிறத்துக்கும் கறுப்புக்கும் வெள்ளை தூக்கலான மங்கல் நீலம் பொருந்துவதில்லை. விரல்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளிறிக் காட்டும். கறுப்பு கொஞ்சம் தூக்கலாக, பச்சைச் சாயலோ அவுரிச் சாயலோ உள்ள நீலம் அதே கையில் அழகாக உட்காரும். சிவந்த நிறம் உள்ளவர்களுக்கு இரண்டும் சரிப்படும்.

சென்னைப் பாண்டி பஜாரில் ஒரு சின்னக் கடையில் இப்படி ஒரு நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பனைக்கு நின்ற பெண், “அக்கா, இது ஃபுல்லா ஆர்கானிக். கொழந்தைக்கே போடலாம்” என்றாள். “பெட்டி இருக்காம்மா?” என்று கேட்டேன். கீழே குனிந்து அலமாரியைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். பட்டியலில் எத்தில் அசிட்டேட் முதலில் இருந்தது. ஆர்கானிக் என்ற சொல் எங்குமே இல்லை. அவள்மேல் குறை இல்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். டெஸ்டரைத் திறந்து என் கட்டைவிரலில் ஒரு கோடு இழுத்தாள். கடைக்குள்ளே வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் அது சிலேட்டுப் பலகை நிறம். நடைபாதைக்கு வந்து வெயிலில் கையை நீட்டியதும் பச்சைச் சாயல் எழுந்து வந்தது. வீட்டில் மஞ்சள் பல்பின் கீழே நீலம் அறவே போய் வெறும் சாம்பல். மூன்றுமே அந்த நிறம்தான். நீங்கள் அதிக நேரம் எந்த வெளிச்சத்தில் இருப்பீர்களோ அதில் பிடித்திருந்தால் வாங்குங்கள். டெஸ்டரை நகத்தில் பூசப் பிடிக்காதவர்கள் ஒளிபுகும் செல்லோடேப்பில் இரண்டு பூச்சுப் போட்டு நகத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். புட்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். உள்ளே சரக்கு அடர்த்தியாக நிற்பதால் அது எப்போதும் ஒருபடி கறுத்தே தெரியும்.

அளவு சின்னதாகவே வாங்குங்கள். 15 மி.லி. புட்டியை முடிப்பதற்குள் பாதி வீட்டில் கெட்டியாகிவிடும். பாதியில் தூக்கி எறிகிற பசுமைப் பூச்சைவிட, கடைசிச் சொட்டுவரை பூசித் தீர்த்த சாதாரணப் பூச்சு மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

பூசிப் பார்ப்பது

பார்லரில் செய்வதுபோல் கையை வெந்நீரில் ஊறவைத்துவிட்டுப் பூசக் கூடாது. நகம் தண்ணீரை உறிஞ்சி உப்பும். பூச்சு காய்ந்தபின் நகம் வற்றிச் சுருங்கும்போது படலம் மேலே எழும்பிவிடும். குளித்தும் பாத்திரம் தேய்த்தும் ஒரு மணி நேரமாவது ஆன உலர்ந்த கையில் தொடங்குங்கள். ரிமூவர் தொட்ட துணியால் ஒவ்வொரு நகத்தையும் ஒருமுறை துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த நாளில் இதை விட்டுவிடவே கூடாது.

புட்டியைக் குலுக்காதீர்கள். குலுக்கினால் காற்றுக் குமிழ் ஏறும், அது நகத்தில் பொரிப்பொரியாக நிற்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். மங்கல் நீலத்தில் வெள்ளை நிறமி கனம், அடியில் தங்கிவிடும். புட்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து அடியில் வெளிறிய படிவு இல்லாத வரை உருட்ட வேண்டும். இதைச் செய்யாமல் பூசினால் முதல் விரல் ஒரு நீலம், பத்தாவது விரல் வேறு நீலம்.

சோதனைக்காக முதல் தடவை விரல்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். எட்டு விரலுக்கு அடிப்பூச்சு போடுங்கள். இரண்டு சுண்டுவிரலையும் அடிப்பூச்சு இல்லாமல் விடுங்கள், கறை படிகிறதா என்பது அங்கே தெரியும். ஒரு மோதிர விரலில் நிறம் ஒரு பூச்சோடு நிற்கட்டும், மற்றவற்றுக்கு இரண்டு. வலது கை வேலை செய்கிற கை என்றால், அதில் மட்டும் மேல்பூச்சு போட்டு இடது கையை வெறுமனே விடலாம்.

தூரிகையின் ஒரு பக்கத்தைப் புட்டி வாயில் வழித்துவிட்டு, நகத்தின் நடுவில் ஓர் இழுப்பு, இரு பக்கமும் ஒவ்வோர் இழுப்பு. மூன்றோடு நிறுத்துங்கள். நான்காவது இழுப்புக்குள் மேற்பரப்பு காயத் தொடங்கியிருக்கும். தூரிகை அதைக் கிழித்துக்கொண்டு போகும். அடித்தோலை ஒட்டி ஒரு நூலிழை இடைவெளி விடுங்கள். தோலில் பட்டால் அங்கிருந்துதான் பூச்சு உரியத் தொடங்கும். முன்னால் சொன்ன ஆய்வும் தோலைத் தவிர்க்கவே சொல்கிறது. நகத்தின் முனை விளிம்பிலும் தூரிகையை ஒருமுறை ஓட்டி மூடுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் பதற வேண்டாம், இந்த நிறத்துக்கு அது சகஜம். தடிமனாக அப்பி ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால்தான் காயாமல் சுருங்கிப் போகும்.

கரைப்பான் வகைக்கு இரண்டு பூச்சுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் போதும். நீர் வகைக்கு அதைப்போல் இரு மடங்கு வேண்டும். மிதமான சூட்டில் ஹேர் டிரையரை எட்டப் பிடித்தால் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் நீர் வகையைச் சோதிக்காதீர்கள். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது காய்வதற்கு இடமே இல்லை. கரைப்பான் வகைக்கும் ஈரக்காற்றால் ஒரு தொல்லை உண்டு: கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது படலம் குளிர்கிறது, குளிர்ந்த படலத்தில் காற்றின் ஈரம் படிகிறது, மேலே வெள்ளையாகப் பனி பூத்ததுபோல் ஆகிறது. இயல்பாகவே மங்கலான நீலத்தில் இதைப் பார்த்துவிட்டு நிறமே இப்படித்தான் என்று ஏமாந்துபோவார்கள். ஃபேனை வேகமாக வைத்தால் இது கூடும். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னல் காற்றில் காயவிடுங்கள்.

பிறகு வழக்கம்போல் வேலை செய்யுங்கள். தேங்காய் துருவுங்கள், பாத்திரம் தேயுங்கள், மாவு கரையுங்கள். பொத்திப் பொத்தி வைத்த கையில் எந்தப் பூச்சும் நிற்கும், அதில் சோதனைக்கு ஒன்றுமில்லை. பூச்சு போகிற விதத்தைக் கவனியுங்கள். முனையில் மட்டும் மெல்லத் தேய்ந்து நகம் தெரிந்தால் படலம் நல்ல படலம், மேல்பூச்சைப் புதுப்பித்தால் இன்னும் சில நாள் ஓடும். முனையிலிருந்து சில்லுச்சில்லாகத் தெறித்தால் இளக்கி போதவில்லை, படலம் விறைப்பு. அடித்தோல் பக்கத்திலிருந்து ஏடாக உரிந்து வந்தால் குற்றம் பாலிஷின்மேல் அல்ல. எண்ணெய் இருந்திருக்கிறது அல்லது தோலில் பட்டிருக்கிறது. எல்லா விரலிலும் முழுசாகக் கழன்று வந்தால், அது நீர் வகையாக இருந்தால், முதல் இரவே தண்ணீரில் கை வைத்துவிட்டீர்கள் என்று பொருள். அந்த வகையை இரவு படுக்கப் போகும் முன் பூசுவதே முறை.

மஞ்சள் தூள் இந்த நிறத்துக்குப் பகை. வெள்ளை கலந்த நீலத்தில் மஞ்சள் ஏறினால் பாசி நிறமாகும், குறிப்பாக மேல்பூச்சு இல்லாத கையில். தேய்த்துக் கெடுக்காதீர்கள். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதைகிறது. வெயிலில் சற்றுநேரம் வேலை செய்தாலே கணிசமாகக் குறையும்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் பெண்கள் ‘மூச்சுவிடும்’ பூச்சு பற்றிக் கேட்பதுண்டு. நகம் மூச்சு விடுவதில்லை, அதற்கு வேண்டிய ஆக்சிஜன் இரத்தத்தில் வருகிறது. இவ்வகைப் பூச்சுகள் சொல்வது, நீராவி படலத்தைக் கடந்து போகும் என்பதைத்தான். போலந்தின் இங்லாட் நிறுவனத்தின் ஓ2எம் இப்படிப் பெயர் பெற்றது. நீராவி கடப்பதும், ஒளுவின்போது தண்ணீர் நகத்தை எட்டுவதும் ஒன்றா என்பதை மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நீல நிறத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. நீலம், பச்சை, கறுப்புப் பூச்சுகள் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் கணக்கைக் குறைத்துக் காட்டக்கூடும். அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ போவதென்றால் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். வீட்டில் நோயாளிக்கு அளவு பார்க்கும்போதும் பூச்சில்லாத விரலில் மாட்டுங்கள்.

கழற்றுவதும் மிச்சமும்

பசுமைப் பூச்சு வாங்கியவர்கள் அசிட்டோனைக் கண்டு பயப்படுகிறார்கள். அது நகத்தையும் தோலையும் வறளச் செய்யும், சீக்கிரம் தீப்பிடிக்கும், இரண்டும் உண்மை. ஆனால் புகைப்பனியை உண்டாக்கும் கரிம ஆவிகளின் பட்டியலிலிருந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1995இலேயே அதை நீக்கிவிட்டது. மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையும். சோயா எண்ணெய் சேர்ந்த மெதுவான ரிமூவர்கள் கைக்கு இதம்; அடர் நீலத்தை எடுக்கப் பொறுமை வேண்டும். எதுவானாலும், புதுப் பஞ்சுக்குப் பதில் பழைய வேட்டித் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நனைத்து நகத்தின்மேல் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, பிறகு முனையை நோக்கி ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் தேய்த்தால் நீலம் நகக்கண்ணுக்குள் போய் உட்காரும்.

இப்போது சுண்டுவிரலைப் பாருங்கள். மஞ்சளோ நீலமோ தங்கியிருந்தால் இந்தப் பூச்சுக்கு அடிப்பூச்சு கட்டாயம். கறையைச் சுரண்ட வேண்டாம். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மி.மீ. வளர்கிறது, கறை தானே ஏறிப் போய்விடும்.

புட்டி கெட்டியானால் அசிட்டோன் ஊற்றாதீர்கள், படலமே குலைந்துவிடும். நெயில் பாலிஷ் தின்னர் என்று தனியாக விற்பதை இரண்டு சொட்டு விட்டு உருட்டி, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். நீர் வகைக்கு இது ஆகாது. ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் புட்டியின் கழுத்தைத் துடைத்தாலே பாதிக் கெட்டிப்பு வராது. நிற்கவைத்தே வையுங்கள், வெயில் படும் ஜன்னல் திட்டிலும் அடுப்படி அலமாரியிலும் வேண்டாம்.

தீராமல் மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பெயின்ட் டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவு என்றே 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகைப்படுத்தின. இதையும் அதோடு சேர்த்து, மூடியை இறுக்கித் தனிப் பையில் போட்டு, தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.